கரை கடக்காத புயல் நம்மை என்ன செய்யும்?

கேள்வி: சுனாமிக்குப் பிறகு கடற்கரையை விட்டு மேலே வந்து குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் இடம் வாங்கிக் குடியிருக்கிறோம். முன்பக்கம் ஓடு, அடுக்களைக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கொஞ்சம் ரப்பர், ஏத்தன் வாழை, பத்துத் தென்னை உண்டு. ஒக்கி வந்தபோது முந்தின நாள் வரை டிவியில் "தாழ்வு மண்டலம்" என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கரையைக் கடக்காது என்றும் சொன்னார்கள். மறுநாள் மதியத்துக்குள் ரப்பர் முழுக்க முறிந்து கிடந்தது. இனி எந்த அறிவிப்பைக் கேட்டால் நாங்கள் உஷாராக வேண்டும்? வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும்? கொழுந்தன் ஆழ்கடல் படகில் போகிறான், அவனை எப்போது திரும்பச் சொல்வது? இன்னொன்று: வீட்டை ஒட்டி மேற்கே பெரிய அயனி மரம் நிற்கிறது. வெட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் விடமாட்டேன் என்கிறார்.

பதில்: டிவியில் சொன்னது பொய்யில்லை. ஒக்கி நம் மாவட்டத்தில் கரையைக் கடக்கவே இல்லை. 2017 நவம்பர் 30 காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளிக் கடலில்தான் இருந்தது. அங்கிருந்து லட்சத்தீவுப் பக்கம் போய், வடக்கே திரும்பி, வலு இழந்து டிசம்பர் 5, 6 வாக்கில் தெற்குக் குஜராத்தில் முடிந்தது. இங்கே வாசலைக்கூட மிதிக்காமல் போன புயல்தான் இத்தனையும் செய்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் முதல் பதில், "கரையைக் கடக்குமா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள் என்பதுதான். அது கடலூர்க்காரரும் நாகப்பட்டினத்துக்காரரும் கேட்க வேண்டிய கேள்வி. அவர்களுக்குப் புயல் நேர் எதிரே கிழக்கிலிருந்து வருகிறது. நமக்கு அது இலங்கைக்குக் கீழே சுற்றி, குமரிக்கடல் வழியாக மேற்கே போகிறது. நாம் கேட்க வேண்டியது இரண்டே: குமரிக்கடல் வழியாகப் போகிறதா? எத்தனை மணி நேரத்தில்?

இதை ஒருமுறை கையை நீட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். முற்றத்தில் மேற்கு நோக்கி நில்லுங்கள். நீங்கள்தான் புயல், அரபிக்கடலை நோக்கிப் போகிறீர்கள். நம் பக்கத்துப் புயல்காற்று எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். வலது கைப்பக்கம் சுழலும் காற்றும் புயல் நகரும் வேகமும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. இடது கைப்பக்கம் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. புயலின் வலப்புறம் ஆபத்தானது என்று மாலுமிகள் பயப்படுவது இதனால்தான். இப்போது உங்கள் வலது கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது? வடக்கே. அங்கே இருப்பது கன்னியாகுமரி மாவட்டம். தெற்கே கடலில் மேற்கு நோக்கிப் போகும் எந்தப் புயலுக்கும் நாம் வலது கைப்பக்கம்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. நம்மைத் தாண்டும்போது ஒக்கி, புயல் வரிசையில் கடைசிப் படியில்தான் இருந்தது. வானிலைத் துறையின் கணக்கில் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை புயல். அதற்கு மேல்தான் தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் எல்லாம். ஒக்கி மிகத் தீவிரமானது டிசம்பர் 1-ஆம் தேதி, லட்சத்தீவுக் கடலில். அப்படியானால் வெறும் "புயல்" எப்படி ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது? மழையில் ஊறி மண் இளகியிருந்தது. நம் மரங்கள் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சானுக்குப் பழகியவை. எதிர்த்திசைக் காற்றைக் கண்டவை அல்ல. ரப்பரோ மேலே கனத்த கவையும் கீழே மெலிந்த தண்டுமாக, முறிவதற்கென்றே வளர்ந்த மாதிரி நிற்கும்.

அன்று நானும் ஏமாந்தவன்தான். கடலோர ஊர்களில் எச்சரிக்கைப் பயிற்சி வகுப்பு எடுப்பது என் வேலை. முந்தின நாள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "சாரே, வாழைக்கு முட்டு கொடுக்கணுமா?" என்று கேட்டபோது, "தாழ்வு மண்டலம்தானே, மழைதான் வரும்" என்றேன். மறுநாள் அவர் தோட்டத்தில் ஒரு வாழை நிற்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் என்னிடம் வானிலை கேட்பதில்லை.

எந்த அறிவிப்பில் உஷாராக வேண்டும் என்பதற்கு வருகிறேன். ஒக்கி 29-ஆம் தேதி காலை தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலை புயல். நடுவில் ஒரே ஒரு ராத்திரி. வங்கக்கடலில் அந்தமான் பக்கம் உருவாகி வரும் புயலுக்கு நாலைந்து நாள் அவகாசம் கிடைக்கும். நமக்கு வாசலிலேயே உருவாகிறது. ஆகவே "புயல்" என்ற சொல்லுக்காகக் காத்திருக்காதீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை, "இலங்கைக்குத் தெற்கே", "குமரிக்கடல்", "தென்மேற்கு வங்கக்கடல்" என்ற சொற்களோடு "தாழ்வு மண்டலம்" சேர்ந்து வந்தால், அதுவே உங்களுக்குப் புயல் அறிவிப்பு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அது புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் இருந்த வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். பெயர் வைக்காத பிள்ளைதான் அதிகம் உடைத்தது.

இப்படி உஷாரானால் சில தடவை வீணாகவும் போகும். 2020 டிசம்பரில் புரெவி வருகிறது என்று நம் மாவட்டத்துக்கும் விடுமுறை விட்டார்கள். அது மன்னார் வளைகுடாவில் படுத்துக்கொண்டு அங்கேயே கரைந்துபோனது. "எங்கே உங்க புயல்?" என்று என்னைக் கேலி செய்யாதவர் இல்லை. இரண்டு முட்டுக்கம்பு, அரை நாள் கூலி, நாலு குடம் தண்ணீர் வீண். அந்த நஷ்டம் தாங்கக்கூடியது.

கொழுந்தன் விஷயம்தான் எனக்குக் கவலை. ஒக்கியில் தமிழ்நாடும் கேரளமுமாக 200-க்கு மேற்பட்ட மீனவர்களை இழந்தோம்; தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள ஊர்களில் பல வீடுகளுக்கு உடல்கூட வந்து சேரவில்லை. கடலில் தொழில் தெரியாமல் போன உயிர்கள் அல்ல அவை. சேதி போய்ச் சேரவில்லை. படகிலுள்ள வயர்லெஸ் ஏறக்குறைய 20, 30 கடல் மைல் வரைதான் பேசும். அவர்கள் தொழில் செய்வதோ 200 கடல் மைலுக்கு அப்பால்.

ஒரு கணக்குப் போடுங்கள். விசைப்படகு மணிக்கு 8 கடல் மைல் ஓடினால் 200 மைலைக் கடக்க 25 மணி நேரம். தாழ்வு மண்டலம் புயலாக மாறியது ஏறக்குறைய 24 மணி நேரத்தில். "புயல்" என்று அறிவித்த பிறகு கூப்பிட்டால் அவனால் வீடு வந்து சேர முடியாது. வந்தாலும் மேற்கே போகும் புயலுக்கு எதிர்முகமாக ஓடி வருகிறான் என்று அர்த்தம். எனவே "வீட்டுக்கு வா" என்று சொல்லாதீர்கள், "பக்கத்தில் எந்தத் துறைமுகம் உண்டோ அங்கே ஏறு" என்று சொல்லுங்கள். ஒக்கியின்போது நூற்றுக்கணக்கான மீனவர்கள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்துக்குள் போய்ப் பிழைத்தார்கள். லட்சத்தீவில் ஒதுங்கியவர்களும் உண்டு. தாழ்வுப் பகுதி என்ற கட்டத்திலேயே, மண்டலம் ஆவதற்கு முன்பே இந்தப் பேச்சு நடக்க வேண்டும்.

சேதி போக வழி என்ன? செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் நாவிக் கருவியும், ஆபத்தில் அழுத்தினால் கடலோரக் காவல்படைக்குச் சேதி அனுப்பும் டேட் கருவியும் இருக்கின்றன. அவன் படகில் இருக்கிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று அடுத்த தடவை கரைக்கு வரும்போது கேளுங்கள். வாங்கிய உறை பிரிக்காமல் வீல்ஹவுஸ் பலகையில் கிடக்கும் கருவியை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நாவிக்கில் சேதி வந்தால் கைபேசியில் தமிழில் படிக்கலாம். படித்தவர் படகுக்கு ஒருவராவது இருக்கட்டும். பக்கத்துப் படகுக்கு வயர்லெஸில் சொல்லிவிட்டால் அது அடுத்ததற்குச் சொல்லும்.

இன்னொரு காகித வேலை, இதை நீங்களே செய்யலாம். நம் படகுகள் கொச்சி, மங்களூர் என்று வேறு துறைமுகங்களிலிருந்தும் கிளம்புகின்றன. ஒக்கி முடிந்ததும் கடலில் எத்தனை பேர் என்றே யாருக்கும் கணக்குத் தெரியாமல் பட்டியலுக்கு மேல் பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகம், உடன் போகும் எல்லோருடைய பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வடநாட்டுத் தொழிலாளி இருந்தால் அவர் வீட்டு எண்ணும் வேண்டும். கடலோரக் காவல்படையை அழைக்க 1554. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070.

வீட்டுக்கு வருவோம். காற்று கூரையை அமுக்குவதில்லை, தூக்குகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. முதலில் பறப்பது உங்கள் அடுக்களை ஷீட்தான், அதுவும் ஓரம். பலரும் ஷீட்டின் மேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைக்கிறார்கள். ஷீட் தூக்கும்போது அந்தக் கல் எங்கே விழும் என்று யோசித்தீர்களா? கல்லை இறக்குங்கள். ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால் மாற்றி, ஓர வரிசையில் மட்டும் நடுவரிசையைவிட நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ஓட்டுக்கூரையில் முகட்டு ஓடும் இறவாரத்துக் கடைசி இரண்டு வரிசையும்தான் பலவீனம். பல ஓடுகளின் அடியில் கம்பி கோர்க்கச் சிறு துளை இருக்கும். அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் கம்பி போட்டு, ஓட்டைத் தாங்கும் மரப்பட்டியலோடு கட்டிவிட்டால் போதும், முழுக்கூரைக்கும் வேண்டாம். காற்று அடிக்கும்போது காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும்.

தென்னையில் முற்றிய காயையும் காய்ந்த மடலையும் புரட்டாசியிலேயே இறக்கிவிடுங்கள். குலை தள்ளிய ஏத்தனுக்கு முட்டு கொடுக்கும்போது மேற்குப் பக்கமும் ஒன்று சேர்த்துக் கொடுங்கள், கிழக்குக் காற்றுக்கு அதுதான் தாங்கும். விழுந்த ரப்பரை உடனே விற்றுவிடுங்கள். சில நாளிலேயே தடியில் நீலம் பாய்ந்து விலை போகாது. ஆனால் அறுப்பதற்கு முன்னால், கிடந்த கோலத்திலேயே, நீங்களும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டுப் பிறகு அறுங்கள். சுத்தமாக்கிய தோட்டத்தைக் காட்டி நிவாரணம் கேட்பது கடினம்.

கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, எல்லோரும் கிணற்றுக்குப் போவார்கள். வெள்ளம் இறங்கிய கிணற்றுக்கு, 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பிளீச்சிங் பவுடரின் வழக்கமான அளவு. கலங்கியிருந்தால் இரு மடங்கு. ஒன்றரை மீட்டர் அகலம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 5300 லிட்டர். பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டாதீர்கள். வாளியில் கரைத்து, பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்ததை மட்டும் வேறொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி ஆட்டுங்கள். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் இறைக்கலாம்.

கடைசியாக அயனி. புயல் தெற்கே இருக்கும்போது காற்று கிழக்கிலிருந்து வரும். அது மேற்கே நகர நகரத் தெற்குக் காற்றாகத் திரும்பும். சந்தேகமிருந்தால் காற்றை நேராகப் பார்த்து நில்லுங்கள், புயலின் மையம் உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும். எனவே அப்போது வீட்டின் மேல் விழக்கூடியவை கிழக்கிலும் தெற்கிலும் நிற்கும் மரங்கள்தான். உங்கள் அயனி மேற்கே நிற்கிறது; ஒக்கி மாதிரிக் காற்றில் விழுந்தாலும் வீட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் விழும். கச்சானுக்கு மட்டும் வைகாசிக்கு முன்னால் கவையைக் குறைத்து, அடியில் பொந்து விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார் பக்கம்தான் நியாயம். வீட்டுக்காரரிடம் அரிவாளைக் கொடுத்து, கிழக்கே கிணற்றங்கரையில் சாய்ந்து நிற்கும் தென்னை ஏதாவது உண்டா என்று பார்த்து வரச் சொல்லுங்கள்.