மாமனாரின் கேற் கடித்த கதை

வாசகர் கேள்வி – வயர்மேன் பதில்

சித்திரையில் எல்லாரும் ஃபேனைப் பற்றிக் கேட்பார்கள். ஐப்பசி பிறந்தால் கேற் லைற், மதில் லைற், முற்றத்து லைற். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தச் சங்கதிதான். ஆரையம்பதியில் இருந்துகொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் வயரிங் வேலை செய்தவன் நான். வெளி லைற்றில் செய்யக்கூடிய பிழைகளில் அநேகமானவற்றை என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மழை தொடங்கி அரை மணித்தியாலத்தில் ட்ரிப் சுவிற்ச் விழுந்து வீடு முழுக்க இருட்டாகிறது. வெளி லைற் சுவிற்ச்சுகளை நிறுத்தி வைத்தாலும் விழுகிறது. வெயில் எறித்தால் தானாகச் சரியாகிவிடும். ட்ரிப் சுவிற்ச்தான் பழுது, அதைக் கழற்றிவிட்டு நேரே லைன் கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா? – வாசகர், ஏறாவூர்

அந்த ஒருவரை இனி உங்கள் மெயின் போர்ட் பக்கம் விடாதீர்கள். ட்ரிப் சுவிற்ச் பழுதில்லை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமனாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் எங்கேயோ 30 மில்லி அம்பியர் அளவுக்கு மண்ணுக்குள்ளோ மதிலுக்குள்ளோ ஒரு மனிதரின் உடம்புக்குள்ளோ ஒழுகினால் விழுந்துவிடும். அதைக் கழற்றினால் ஒழுக்கு நிற்காது, உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

சுவிற்ச்சை நிறுத்தியும் ஏன் விழுகிறது? சுவரில் உள்ள சாதாரண சுவிற்ச் லைவ் வயரை மட்டும்தான் வெட்டும். கரண்ட் திரும்பி வருகிற நியூட்ரல் வயர் வெட்டுப்படாமல் கேற் வரைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும். ஈரத்தில் அது எர்த் வயரைத் தொட்டால், உள்ளே ஃபிரிட்ஜ் ஓடும்போது திரும்புகிற கரண்டில் ஒரு பங்கு அந்த வழியால் கிறுகிவிடும். ட்ரிப் விழும். ஆகவே வெளி லைனுக்கு இரண்டு வயரையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போல் சுவிற்ச் ஒன்று போடுவியுங்கள். மழை நாளில் அதை நிறுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் கள்ளன் வெளியேதான் இருக்கிறான். செலவு செய்ய முடிந்தால் வெளி லைனை மெயினிலிருந்து தனியே எடுத்து அதற்கென்று ஒரு ட்ரிப் வைக்கலாம். கேற் நனைந்ததற்காக அடுப்படி ஏன் இருட்டாக வேண்டும்?

சரி, வெளியே கள்ளன் எங்கே ஒளிந்திருப்பான்? லைற்றில் தேடாதீர்கள். முதலில் வயர் ஒட்டில் தேடுங்கள்.

எனக்குக் கலியாணம் முடிந்த புதிதில் மாமனார் வீட்டுக் கேற் தூணுக்கு லைற் போட்டுக் கொடுத்தேன். வயர் ஒரு முழம் போதவில்லை. திரும்பக் கடைக்குப் போக வெட்கம், புது மாப்பிள்ளை அல்லவா. தூணுக்குள்ளேயே ஒட்டு வைத்து, கறுப்பு ரேப்பை நாலு சுற்றுச் சுற்றி, மேலே சீமெந்தும் பூசிவிட்டேன். அந்தக் கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலை மாமனார் வந்து நின்றார். “மருமகன், உங்கட கேற் கடிக்குது” என்றார். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று இரும்புக் கேற்றைப் பிடித்திருக்கிறார். அந்த வீட்டில் அப்போது ட்ரிப் சுவிற்ச் இல்லை. ஒரு சுளீரோடு போனது அவர் செய்த புண்ணியம். தூணை உடைத்துப் பார்த்தால் ரேப்பின் பசை கரைந்து, செம்புக் கம்பி பச்சை பிடித்துப்போய் இருந்தது.

ரேப் ஒட்டை வெளியில் நம்ப முடியாது. மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் ஒட்டே வேண்டாம். இருந்தே ஆக வேண்டுமென்றால் நிலத்துக்கு மேலே, ரப்பர் மூடியுள்ள பெட்டிக்குள், கனெக்டர் போட்டு இருக்கட்டும். அந்தப் பெட்டிக்குள் பைப் வழியாகப் பல்லியும் எறும்பும் குடிவரும். பைப் வாயை அடைத்துவிடுங்கள்.

மறுகா, வயர் லைற்றுக்குள் நுழைகிற வாசல். பெட்டியில் ‘ஐபி 65’ என்று போட்டிருக்கும். 6 என்றால் தூசி போகாது, 5 என்றால் ஹோஸ் பைப்பால் பீச்சினாலும் தண்ணீர் போகாது. ஆனால் நுழைகிற இடத்து ரப்பர் வயரை இறுக்கிப் பிடித்திருந்தால்தான் அந்தக் கணக்கு. வீட்டுக்குள் இழுக்கிற தட்டை வயரை அந்த வட்ட ரப்பருக்குள் விட்டால் இரண்டு பக்கமும் இடைவெளி. ஐபி 65 அங்கேயே முடிந்தது. வெளிக்கு உருண்டை வயர் வாங்குங்கள். கீழிருந்து மேலே நுழையவிடுங்கள். நுழையுமுன் தொட்டில் போலக் கொஞ்சம் தொங்கட்டும். வயரைப் பிடித்து ஓடிவரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிப்போகும்.

சுவரோடு லைற்றை ஒட்டும்போது நாலு பக்கமும் சிலிக்கன் பூசுகிறவர்கள் உண்டு. மேலேயும் இரண்டு பக்கத்திலும் பூசுங்கள், கீழ்ப்பக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே வியர்க்கிற தண்ணீர் போக வழி வேண்டும்.

அப்புறம், மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிற்ச்சில் உள்ள டெஸ்ற் பட்டனை அமத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் வீடு. எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் ஒரு வருஷத்தில் லைற் துருப்பிடித்து விழுகிறது. எந்த பிராண்ட் நல்லது? – வாசகி, நாவலடி

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உங்கள் வீட்டு மதிலை நாக்கால் தொட்டாலே உப்புக் கரிக்கும் அக்கா. அங்கே பிராண்டைவிட எதனால் செய்தது என்பதுதான் முக்கியம். பெயின்ற் அடித்த இரும்பு வேண்டவே வேண்டாம், ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்திலிருந்து அரித்துக்கொண்டே போகும். அலுமினியம் பரவாயில்லை, ஆனால் அதோடு வருகிற இரும்பு ஆணி பிடிக்கிற இடத்தில் இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேரும், வேகமாக அரித்துப் போகும். தடித்த பிளாஸ்ரிக் உடம்புள்ள லைற் அழகில் கொஞ்சம் குறைவுதான். உங்கள் பக்கத்தில் நான் அதைத்தான் போடுவேன்.

ஆணிகளை மாற்றுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்றும் 316 என்றும் இருக்கிறது. உப்புக்குத் தாங்குவது 316. போடுமுன் கொஞ்சம் வாசலின் தடவினால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். வாடைக் காற்று ஓய்ந்த பிறகு, மெயினை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீர் நனைத்த துணியால் லைற்றைத் துடையுங்கள். கடைகளில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அடுத்த வருஷம் லைற் விற்காதே.

கேள்வி: சுவிற்ச்சை நிறுத்திய பிறகும் முற்றத்து எல்.ஈ.டி. பல்ப் மங்கலாக எரிந்துகொண்டிருக்கிறது. அம்மம்மா அந்தப் பக்கம் போகவே பயப்படுகிறார். – வாசகர், வாழைச்சேனை

அம்மம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, காரணம்தான் வேறு. சுவிற்ச்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தால், அது வழியாக வருகிற துளிக் கரண்டே பல்ப்பை மினுங்க வைக்கும். அதில் ஆபத்தில்லை. அப்படி ஒரு விளக்கு இல்லையென்றால், லைவ்வும் நியூட்ரலும் மாறிப்போய், சுவிற்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கக்கூடும். அப்படியானால் நிறுத்தியிருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ற் நிற்கிறது. தெரிந்த வயர்மேன் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். அதுவரைக்கும் மெயினை நிறுத்தாமல் பல்ப் மாற்றாதீர்கள்.

கேள்வி: ஆள் வந்தால் எரிகிற சென்சர் லைற் வாங்கினேன். ஆள் இல்லாமலே இரவு முழுக்க எரிந்து எரிந்து அணைகிறது. மத்தியானம் சோதித்துப் பார்த்தால் நான் கிட்டப் போனாலும் எரியவில்லை. – வாசகர், அக்கரைப்பற்று

அது ஆளைப் பார்ப்பதில்லை தம்பி, அசைகிற சூட்டைப் பார்க்கிறது. நாய், பூனை, வீதியில் போகிற ஓட்டோ, வெயிலில் காய்ந்து காற்றில் ஆடுகிற வாழையிலை, எல்லாம் அதற்கு ஆள்தான். இரண்டு, இரண்டரை மீற்றர் உயரத்தில் வைத்து முகத்தைக் கீழே திருப்புங்கள், வீதி தெரியக்கூடாது. நடக்கிறவர் அதை நேராக நோக்கி வராமல் குறுக்காகக் கடக்கிற மாதிரி வையுங்கள், அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும்.

மத்தியானம் எரியாததற்கு முதல் காரணம் லக்ஸ் என்ற திருகி. அது இருட்டுக்கு வைத்திருந்தால் பகலில் எரியாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இன்னொன்று, கச்சான் என்ற சுடுகாற்று வீசுகிற நாட்களில் சுவரும் மண்ணும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அந்த நேரம் சென்சருக்கு ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாது.

கேள்வி: சோலார் லைற் இரண்டு வருஷம் நன்றாக எரிந்தது. இப்போது எட்டு மணிக்கே படுத்துவிடுகிறது. – வாசகி, கொக்கட்டிச்சோலை

மாரியில் முகில் மூடியிருந்தால் புது லைற்றும் கொஞ்சம் முந்திப் படுக்கும். ஆனால் இரண்டு வருஷம் என்றால் பற்றரி களைத்துவிட்டது. பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். சின்ன லைற்றுகளில் 1.2 வோல்ற், வேறு சிலவற்றில் 3.2 வோல்ற் என்று எழுதியிருக்கும். அதே வோல்ற், அதே வகையில் சார்ஜ் ஏறுகிற பற்றரி போடுங்கள். ரோர்ச் பற்றரியைப் போட்டால் ஒழுகி உள்ளே எல்லாம் நாசம். தகட்டில் மாமரத்து நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் வாங்கிய அன்று அந்தக் கொப்பு இருந்திருக்காது.

கேள்வி: விறாந்தையில் இருந்து சாப்பிட முடியவில்லை, முதல் மழைக்கு ஈசல் சோற்றுக்குள் விழுகிறது. – வாசகர், களுவாஞ்சிகுடி

வெள்ளை வெளேர் என்ற 6500 கெல்வின் பல்ப்பாக இருக்கும். அதில் நீலம் அதிகம், பூச்சிக்கு அதுதான் விருப்பம். 2700 என்று போட்ட மஞ்சள் பல்ப்பை விறாந்தையில் மாட்டி, வெள்ளையைக் கேற் பக்கம் அனுப்புங்கள். ஈசல் கூட்டம் நெடுநேரம் பறக்காது, அந்த நேரம் விறாந்தை லைற்றை நிறுத்திவிட்டாலும் போதும். வீட்டில் கோழி இருந்தால் கேற் லைற்றுக்குக் கீழே ஒரு பேசின் தண்ணீர் வையுங்கள். விடிய அதுகளுக்கு நல்ல தீன்.