லூவ்ருக்கு அடியில் ஒரு கோட்டை: கேள்வி பதில்

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பழைய கோட்டையைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சில கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: மோனா லிசா இருக்கிற இடத்தில் கோட்டையா? யாருக்குப் பயந்து கட்டினார்கள், சார்?

இங்கிலாந்து அரசர் ரிச்சர்டுக்குப் பயந்து. நார்மண்டி அப்போது அவர் கையில் இருந்தது. அங்கிருந்து செய்ன் நதிக்கரையோடு மேலே வந்தால் நேராகப் பாரிஸ்தான். 1190இல் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப்பும் ரிச்சர்டும் ஒரே சிலுவைப் போருக்குத்தான் கிளம்பினார்கள். ஆனாலும் பிலிப் புறப்படும் முன் நகரைச் சுற்றி மதில் எழுப்ப உத்தரவு போட்டுவிட்டுத்தான் போனார். நட்பு அவ்வளவு! அந்த மதில் மேற்கே ஆற்றைத் தொடும் இடத்தில், மதிலுக்கு வெளியே எழுந்ததுதான் லூவ்ர். நடுக்கோபுரம் 1202 வாக்கில் முடிந்தது. 1204இல் பிலிப் நார்மண்டியையே பிடித்துக்கொண்டார். கட்டி முடித்த இரண்டே வருடத்தில் காவலுக்கான முக்கியக் காரணம் போய்விட்டது.

கே: அமைப்பைக் கொஞ்சம் விளக்க முடியுமா? அகழியில் தண்ணீர் இருந்ததா?

இருந்தது, செய்ன் நதியின் தண்ணீர். கோட்டை ஏறக்குறையச் சதுரம்: சுமார் 78 மீட்டருக்கு 72 மீட்டர். மூலைக்கு ஒன்றாக நான்கு கோபுரங்கள். தெற்கே ஆற்றைப் பார்த்து ஒரு வாசல், கிழக்கே நகரத்தைப் பார்த்து ஒரு வாசல், ஒவ்வொன்றின் இரு பக்கமும் இரட்டைக் கோபுரங்கள். வடக்கு, மேற்குச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று. மொத்தம் பத்து.

எல்லாமே வட்டக் கோபுரங்கள். சதுரக் கோபுரமாக இருந்தால் எதிரி மூலையைத் தோண்டிச் சாய்த்துவிடலாம். மூலைக்குப் பின்னால் ஒளிந்தும் கொள்ளலாம். வட்டத்தில் அந்த வசதி கிடையாது. கோபுரங்கள் சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்பதால், சுவரடிக்கு வருபவனைப் பக்கவாட்டிலிருந்தே அம்பால் அடிக்கலாம்.

முற்றத்தின் நடுவில் பெரிய கோபுரம். விட்டம் 15 மீட்டர், உயரம் சுமார் 30 மீட்டர், அடிச்சுவரின் கனம் மட்டும் 4 மீட்டருக்கு மேல். அதைச் சுற்றித் தனியாக ஓர் உலர் அகழி, உள்ளே கிணறு. கோட்டையே விழுந்தாலும் இந்தக் கோபுரத்துக்குள் இருந்துகொண்டு தாக்குப்பிடிக்கலாம்.

கே: சண்டை வராவிட்டால் அதை வைத்து என்ன செய்தார்கள்?

கஜானா, ஆயுதக் கிடங்கு, சிறை. 1214இல் பூவின் போரில் பிடிபட்ட ஃபிளாண்டர்ஸ் பிரபு ஃபெரான், 1227 வரை இங்கேதான் அடைபட்டிருந்தார்.

கே: அரண்மனையானது எப்போது?

1360களில், ஐந்தாம் சார்லஸ் காலத்தில். நகரம் வளர்ந்து, அவர் கட்டிய புது மதில் லூவ்ரை உள்ளே இழுத்துக்கொண்டது. அப்புறம் அது காவல் கோட்டையாக இருந்து பயனில்லை. கட்டடக் கலைஞர் ரெய்மோன் து தாம்பிள் சுவர்களில் ஜன்னல்களைத் திறந்தார், மாடிகளை உயர்த்தினார், முற்றத்தில் ஒரு பிரம்மாண்டமான சுருள் படிக்கட்டைக் கட்டினார். அதற்குப் போதிய கல் கிடைக்காமல் ஒரு கல்லறைத் தோட்டத்திலிருந்து கல்லறைப் பலகைகளை வாங்கிப் படியாகப் போட்டிருக்கிறார்கள்! அரசர் தன் நூலகத்தையும் ஒரு கோபுரத்தில் வைத்தார். 1373ஆம் ஆண்டுப் பட்டியலில் 900க்கும் மேற்பட்ட கையெழுத்து நூல்கள். எல்லோரும் நடுக்கோபுரம் போனதற்குத்தான் வருந்துகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் படிக்கட்டு போனதுதான் பெரிய இழப்பு.

கே: அவ்வளவு பெரிய கோபுரத்தை யார் இடித்தது? போரிலா?

இல்லை, பிரெஞ்சு அரசரேதான். பாவியா போரில் சிறைப்பட்டு மீண்டு வந்த முதலாம் பிரான்சுவா, 1528இல் இனி பாரிஸில் தங்கப்போவதாக அறிவித்து, முற்றத்தை அடைத்து வெளிச்சத்தை மறைத்த கோபுரத்தை இடிக்கச் சொன்னார். 1546இல் பியர் லெஸ்கோவிடம் புது மாளிகை வேலையைக் கொடுத்தார். பீரங்கிக் காலத்தில் அந்தப் பழைய கோபுரத்துக்குப் பெரிய மதிப்பும் இல்லை.

கே: எல்லாம் இடிந்துவிட்டதென்றால் இப்போது பார்ப்பது என்ன, அண்ணா?

வடக்கு, கிழக்குப் பக்கத்து அகழியும் சுவரின் அடிப்பாகமும். லெஸ்கோவின் கட்டடமும் அதன் தொடர்ச்சியும் பழைய மேற்கு, தெற்குச் சுவர்களின் இடத்தில் எழுந்ததால் அந்தப் பக்கங்கள் போய்விட்டன. 1660களில் பதினான்காம் லூயிக்காக லூயி லெ வோ முற்றத்தை நான்கு மடங்காகப் பெரிதாக்கியபோது, மிச்சமிருந்த வடக்கு, கிழக்குச் சுவர்களின் மேல்பகுதியைத் தட்டி அகழியை மூடிவிட்டார்கள். அதன் மேல் வந்தது வெறும் முற்றம்தான், கட்டடம் இல்லை. அதனால்தான் பிழைத்தது.

1866இல் அடோல்ஃப் பெர்ட்டி தோண்டி இடத்தை உறுதிசெய்தார். முழு அகழாய்வு 1983 முதல் 1985 வரை. நடுக்கோபுரக் கிணற்றில் ஆறாம் சார்லஸின் பொன்முலாம் பூசிய தலைக்கவசம் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்தது.

கே: போனால் எதைத் தவறவிடக் கூடாது?

சுல்லி பகுதியின் கீழ்த்தளத்துக்குப் போங்கள். ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற அகழிக்குள்ளேயே நடக்கலாம். கிழக்கு வாசல் இரட்டைக் கோபுரங்களின் நடுவே, இழுபாலத்தைத் தாங்கிய தூண் நிற்கிறது. கற்களில் கொத்தர்கள் செதுக்கிய குறிகளைத் தேடுங்கள், இதய வடிவம்கூட உண்டு. பக்கத்திலேயே 13ஆம் நூற்றாண்டுத் தூண்களோடு ஒரு கீழ் மண்டபம்.

கே: இதே மாதிரிக் கோட்டையை இடியாமல் பார்க்க வழி உண்டா?

பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள தூர்தானுக்குப் போங்கள். 1220 வாக்கில் அதே பிலிப் கட்டியது, அதே சதுர அமைப்பு. அங்கே பெரிய கோபுரம் நடுவில் இல்லை, ஒரு மூலைக்குப் போய்விட்டது. அகழியும் உலர் அகழி. ஆனால் சுவர், கோபுரம் எல்லாம் தரைக்கு மேலேயே நிற்கின்றன.