கப்பலில் சம்பளப் பாக்கி: டைரக்டரைத் தனியாகப் பிடிக்க முடியுமா?

கப்பல் ஊழியர்களின் சம்பள வழக்குகளில் பல வருடமாகப் புழங்குகிறேன். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: கம்பெனி கைவிரித்துவிட்டால், அதை நடத்துகிற ஆளிடம் கேட்கலாமா?

ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை. கம்பெனிக் கணக்கில் காசு இல்லையாம். ஆனால் எம்.டி. புதுக் கார் வாங்கியிருக்கிறார். அவர் மேலேயே வழக்குப் போடலாமா அண்ணே? (ஒரு ஃபிட்டர்)

உங்கள் கோபம் நியாயமானது தம்பி. ஆனால் சட்டம் கம்பெனியைத் தனி ஆளாகப் பார்க்கிறது. 1896இல் இங்கிலாந்தில் சாலமன் வழக்கில் உறுதியான விதி இது. பல நாடுகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. கம்பெனி பட்ட கடன் கம்பெனியோடு நிற்கும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தலையில் தானாக ஏறாது. ஏற வேண்டுமானால் சட்டமே அவரைப் பொறுப்பாளி என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் கம்பெனியை முகமூடியாக வைத்து அவர் ஏமாற்றியதை நீங்கள் காட்ட வேண்டும். கார் வாங்கியது அதற்குப் போதாது. கப்பல் சம்பாதித்த வாடகை கம்பெனிக்கு வராமல் அவர் சொந்தக் கணக்குக்குப் போனது என்று காகிதம் கிடைத்தால், அப்போது பேசலாம்.

அதற்கு முன்னால் மெஸ் ரூம் பக்கம் போய் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். எம்.எல்.சி. எனப்படும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை பொருந்தும் கப்பல் என்றால், 2017 ஜனவரியிலிருந்து அங்கே ஒரு நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ் கண்ணில் படும்படி தொங்க வேண்டும். பணம் தருபவரின் பெயர், தொடர்பு விவரம், செல்லுபடியாகும் தேதி எல்லாம் அதில் இருக்கும். இன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காமல் உறவை அறுத்துக்கொண்டாலே ஊழியரைக் கைவிட்டதாகக் கணக்கு. அந்தக் காப்பு அதிகபட்சம் நான்கு மாதச் சம்பளப் பாக்கியையும் ஊர் திரும்பும் செலவையும் தரும். உங்களுக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது, ஐந்தாவது மாதத்துக்கு இனி வேறு வழிதான் பார்க்க வேண்டும். இப்படி “அடுத்த மாதம் வந்துவிடும்” என்று நம்பிக் காத்திருந்து நஷ்டப்படுபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

பிலிப்பைன்ஸில் கப்பலுக்கு ஆளெடுக்கும் ஏஜென்சியின் டைரக்டர்களும் சேர்ந்து கட்ட வேண்டும் என்று என் கூட வேலை செய்பவர் சொல்கிறார். உண்மையா சார்?

உண்மைதான். சட்டமே பொறுப்பாளி என்று சொல்லும் இடம் என்றேனே, அதற்கு நல்ல உதாரணம் இது. 1995இல் வந்த குடியரசுச் சட்டம் 8042, பிரிவு 10இன்படி வெளிநாட்டு முதலாளியும் ஆளெடுக்கும் ஏஜென்சியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஏஜென்சி கம்பெனியாக இருந்தால் அதன் அதிகாரிகள், டைரக்டர்களும் அதே வரிசையில் நிற்க வேண்டும். முழுத் தொகையையும் இவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். 2010இல் திருத்தம் வந்த பிறகும் இது நீடித்தது.

ஆனால் 2012 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவு செல்லும் என்று சொன்ன கையோடு, பொறுப்பு தானாக ஒட்டிக்கொள்ளாது என்றும் சொன்னது. கம்பெனியை நடத்துவதில் அவர் கடமை தவறினார், சட்டவிரோதமான காரியத்துக்குத் துணைபோனார் அல்லது கண்டும் காணாமல் விட்டார் என்று தெரிய வேண்டும். அதனால் வழக்குப் போடுகிறவர் டைரக்டர்களின் பெயரை முதல் மனுவிலேயே சேர்த்து, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதையும் எழுத வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு, வழக்கில் இல்லாத ஆளை உள்ளே இழுப்பது பெரும்பாடு. இன்னொன்று, இந்தப் பிரிவு குறிவைப்பது ஏஜென்சியின் அதிகாரிகளை. வெளிநாட்டுக் கப்பல் முதலாளியின் டைரக்டர்களை அல்ல.

“நானே தருகிறேன்” என்று டைரக்டர் வாட்ஸ்அப்பில் எழுதினார். அது செல்லுமா?

வார்த்தையைப் பொறுத்தது. “கம்பெனி தந்துவிடும்” என்பது ஆறுதல் மட்டுமே. “கம்பெனி தராவிட்டால் நான் தருகிறேன்” என்றால் அது உத்தரவாதம். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உத்தரவாதம்கூடச் செல்லும். இங்கிலாந்தில் எழுத்தும் கையெழுத்தும் கேட்பார்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, முழு உரையாடலையும் தேதியோடு சேமித்து வையுங்கள்.

கப்பலை விற்றுவிட்டார்கள். பழைய பாக்கி தனக்குத் தெரியாது என்கிறார் புது ஓனர்.

அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, கப்பல்தான் கடனைச் சுமக்கிறது. சம்பளத்துக்கு ‘லீன்’ என்கிற பற்றுரிமை உண்டு. ஓனர் மாறினாலும் அது இரும்போடு ஒட்டியிருக்கும், கப்பலை அரெஸ்ட் செய்ய, அதாவது நகர விடாமல் பிடித்து வைக்க, நீதிமன்றத்தைக் கேட்கலாம். தேதியில் மட்டும் கவனம், இந்த உரிமைக்குக் கெடு உண்டு: கப்பல் பற்றுரிமை பற்றிய 1993 சர்வதேச உடன்படிக்கையில் ஒரு வருடம், இந்தியாவின் 2017 அட்மிரால்டி (கடல்சார் வழக்குகள்) சட்டத்தில் சம்பளத்துக்கு இரண்டு வருடம். நீதிமன்றமே ஏலம் விட்டிருந்தால் கப்பலைத் தொட முடியாது. ஏலத்தொகையில் பங்கு கேளுங்கள்.

கேப்டன் மேல் போடலாமா?

வேண்டாம். அவர் முதலாளிக்காகக் கையெழுத்துப் போட்டவர். பெரும்பாலும் அவர் சம்பளமும் நின்றிருக்கும், அவருக்கும் அதே பற்றுரிமைதான். கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கொடுத்தால்தான் சைன் ஆஃப் (கப்பலிலிருந்து விடுவிப்பு), ஊர் திரும்ப டிக்கெட் என்கிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு ஆயிலர் (எஞ்சின் அறை ஊழியர்) இதே நெருக்கடியில், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே “பெறவில்லை, மூன்று மாதம் பாக்கி” என்று பேனாவால் எழுதி, அந்தத் தாளைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டார். பின்னால் எதிர்த்தரப்பு நீட்டிய நகலில் அந்த வரி இல்லை. அவர் மனைவியின் போனில் இருந்தது.