காகிதப் பூவும் கறுத்த செம்பும்

கேள்வி: பித்தளைத் தகட்டில் டிஷ்யூ நாப்கின் ஒட்டிச் செய்த தோடு ஒரே மாதத்தில் உரிகிறது. பழைய நகை மாதிரி கறுப்புச் சாயலும் வேண்டும். வழி உண்டா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: என் முதல் தோடுகளும் இப்படித்தான் உரிந்தன, அம்மா. வழவழப்பான உலோகத்தில் பசை பிடிக்காது. பாரிமுனையில் 400 நம்பர் உப்புத்தாள் வாங்கித் தேய்த்து, வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) பூசுங்கள். நாப்கினில் படம் அச்சான மேல் அடுக்கை மட்டும் பிரித்து ஒட்டுங்கள். வார்னிஷை ஓரம் சுற்றி மடித்துப் பூசுவது முக்கியம். நம் ஊர் ஈரப்பதம் அங்கேதான் நுழையும். ஒவ்வொரு பூச்சும் ஓர் இரவு காயட்டும்.

கறுப்புக்குச் செம்புதான் என் விருப்பம். சுடச்சுட வெந்த முட்டையை நசுக்கி, செம்புத் தகட்டோடு, அதில் படாமல், மூடிய டப்பாவில் வையுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு செம்பைக் கறுக்க வைக்கும். காகிதம் ஒட்டுவது அப்புறம்.