47 சதவீதம் காப்பி என்று வந்துவிட்டது, மகளின் பிஎச்.டி. என்னாகும்?

கேள்வி: பள்ளிபாளையத்தில் தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறேன். மகள் வணிகவியலில் பிஎச்.டி. செய்கிறாள், நாலு வருஷம் முடியப் போகிறது. விசைத்தறிக்காரர்களின் கடன் சுமை பற்றி ஆய்வு. தீஸிஸ் கொடுப்பதற்கு முன்னால், தோழி ஒருத்தி மூலம் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்திருக்கிறாள். 47 சதவீதம் காப்பி என்று வந்ததாம். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. கைடிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு வருஷம் தடை போடுவார்கள், பதிவையே ரத்து செய்வார்கள், போலீஸ் கேஸ்கூட ஆகும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கோயமுத்தூரில் ஒரு சென்டரில் 25 ஆயிரம் கொடுத்தால் பத்து சதவீதத்துக்குக் கீழே இறக்கித் தருகிறார்களாம். 5 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமுங்களா? இவள் தம்பி பி.இ. கடைசி வருஷம். அவனும் பிராஜெக்டை விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். எங்கள் வீட்டில் இவர்கள்தான் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர்கள். எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. வழி சொல்லுங்க.
ஒரு தகப்பன், பள்ளிபாளையம்

பதில்:

ஐயா, மீதி 20 ஆயிரத்தைக் கட்டாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் மகள் ஒருவாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். அதனால் இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்: அவள் இன்னும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை. சமர்ப்பிக்காத ஏட்டுக்குத் தண்டனை கிடையாது. இப்போது கையில் இருக்கும் அறிக்கை, திருத்திக்கொள்ள உதவும் ஒரு கருவி. அவ்வளவுதான். பல்கலைக்கழகங்கள் இந்த மென்பொருளை வாங்கி வைத்திருப்பதன் நோக்கத்தில் பாதி இதுதான்.

தண்டனை பற்றி ஆளாளுக்குச் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையக் கலப்படமும் இருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-ல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்காகக் கொடுக்கும் ஆய்வேடுகளுக்கு அது பொருந்தும். ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத ஒரு கெடுவுக்குள் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை போனால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. ஒருமுறை மாட்டியவர் மறுபடி மாட்டினால், முந்தையதைவிட ஒரு படி மேலே உள்ள தண்டனை. உங்களுக்கு யாரோ சொன்ன ஒரு வருஷத் தடை இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். 47-ஓடு அப்படியே கொடுத்து, அது கருத்துத் திருட்டு என்று உறுதியானால்தான் அந்தப் பேச்சு.

அதுவும் மென்பொருள் ஒரு எண்ணைக் காட்டியவுடன் தீர்ப்பு எழுதிவிட மாட்டார்கள். புகார் வந்தால் துறை அளவில் ஒரு குழு விசாரிக்க வேண்டும். துறைத் தலைவர், வேறு துறையைச் சேர்ந்த ஒரு மூத்த பேராசிரியர், இந்த மென்பொருள்களை நன்கு அறிந்த ஒருவர் என்று மூன்று பேர் அதில் இருப்பார்கள். 45 நாளுக்குள் நிறுவன அளவிலான குழுவுக்கு அவர்கள் அறிக்கை கொடுக்க வேண்டும், அந்தக் குழுவுக்கும் 45 நாள். மாணவி தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தராமல் முடிவெடுக்கக் கூடாது. இயற்கை நீதியைப் பின்பற்ற வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

போலீஸ் கேஸ் என்று பயமுறுத்தியவர் 2024-ல் வந்த மத்தியச் சட்டத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அது யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கிப் பணித் தேர்வுகள், நீட் போன்றவற்றில் வினாத்தாளைக் கசியவிடும் கும்பல்களுக்கான சட்டம். பிஎச்.டி. ஆய்வேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, அந்த 47-க்கு வருவோம். மென்பொருள் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. தன்னிடம் உள்ள கட்டுரைகளோடும் இணையத்தோடும் ஒத்துப்போகும் வரிகளை நிறம் பூசிக் காட்டுகிறது, அவ்வளவுதான். யுஜிசி விதியே சிலவற்றைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்கிறது: முறையாகப் பெயர் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டப் பிரிவுகள், சூத்திரங்கள். தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனாலும் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. தோழி அவசரத்தில் எதையும் நீக்காமல் போட்டிருந்தால், நூற்பட்டியல் மட்டுமே கணிசமான சதவீதத்தைத் தின்றிருக்கும். உங்கள் மகள் தன் ஆய்விலிருந்து ஏற்கெனவே ஏதாவது கட்டுரை வெளியிட்டிருக்கிறாளா என்றும் கேளுங்கள். சொந்தக் கட்டுரையோடு ஒத்துப்போவதையும் மென்பொருள் சிவப்பில்தான் காட்டும். முன்பு வெளியான தன் எழுத்தாகவே இருந்தாலும் எங்கே வந்தது என்று குறிப்பிட வேண்டும். ஆனால் அது அடுத்தவர் எழுத்தை எடுத்ததாக ஆகிவிடாது.

இதையெல்லாம் கழித்தாலும் கொஞ்சம் மிஞ்சும். பெரும்பாலும் இரண்டாம் அத்தியாயத்தில், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இடத்தில் இருக்கும். அங்கே அடுத்தவர் பத்திகளை அப்படியே எடுத்து, ஓரிரு சொல்லை மட்டும் மாற்றியிருக்கலாம். அது தவறுதான். தவறில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையைத் திருடி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நம் பள்ளிகளில் என்ன பழக்கினோம்? உரைநூலில் உள்ள விடையை ஒரு சொல் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண், சொந்தமாக எழுதினால் சுழி. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் ஒரே பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்ததையும், அதைப் பெருமையாக நாமே சொல்லித் திரிந்ததையும் ஊரே அறியும். பன்னிரண்டு வருஷம் அப்படிப் பழகி வந்த பெண்ணிடம் ஆய்வு நெறிமுறை பற்றி ஒரு தாள் நடத்திவிட்டு, அதே செயலை இப்போது குற்றம் என்கிறோம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. முதல் தலைமுறைப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அதிகம் இடறுகிறார்கள். மேற்கோள் காட்டுவது எப்படி என்று முதல் வருஷத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்திருந்தால் இவர்களில் பலருக்கு இந்த நிலை வந்திருக்காது.

இனி அந்த சென்டர். பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்வது என்ன? உங்கள் மகளின் வரிகளை வேறொரு மென்பொருளில் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் அதே பொருள் தரும் வேறு சொல்லைப் போடுவார்கள். எண் குறையும், அது உண்மை. ஆனால் பொருள் சிதைந்துவிடும். உலக அளவில் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்பது ‘பூசம் பெரில்’ (மார்பு ஆபத்து) என்றும், ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ (போலி உணர்வு) என்றும் மாறிக் கிடந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் எடுத்துக் காட்டினார்கள். இப்படிப்பட்ட திரிந்த சொற்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். கடன் என்ற சொல்லுக்குப் பதில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு சொல் வந்தால், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்கள் மகள் பதில் சொல்ல முடியாமல் நிற்பாள்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சமர்ப்பிக்கும்போது, இது என் சொந்த உழைப்பு, கருத்துத் திருட்டு இல்லை என்று அவள் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். கைடும் தனியாகச் சான்று தர வேண்டும். இன்று வரை நடந்தது தெரியாமல் நடந்தது என்று சொல்ல இடமிருக்கிறது. காசு கொடுத்து மறைத்துவிட்டு அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் அப்படிச் சொல்லவே முடியாது. பட்டம் வாங்கிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’ என்ற தேசியக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. யார் வேண்டுமானாலும், எத்தனை வருஷம் கழித்து வேண்டுமானாலும் எடுத்து ஒப்பிடலாம். பட்டம் கொடுத்த பிறகு நிரூபணமானால் அந்தப் பட்டத்தை நிறுத்திவைக்கவும் 2018 விதியில் இடமிருக்கிறது. ஜெர்மனியில் அன்னெட்டே ஷாவான் என்பவர் 1980-ல் டுசெல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 2013-ல் அதே பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தைப் பறித்தது. அப்போது அவர் அந்த நாட்டின் கல்வி அமைச்சர், பதவி விலக வேண்டியதாயிற்று. மகள் நாளைக்கு உதவிப் பேராசிரியராக வேலைக்குப் போவாள், கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை ஓடும். அவ்வளவு காலமும் இந்த 25 ஆயிரம் ரூபாய்ச் சங்கதி அவள் மனதை அரித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

அதற்குப் பதில் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். அறிக்கையை அச்செடுத்து, நிறம் பூசிய ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் அது நூற்பட்டியலா, அட்டவணையா, தன் கட்டுரையா, அடுத்தவர் பத்தியா என்று குறிக்கட்டும். அடுத்தவர் பத்தி என்றால் மூலக் கட்டுரையை ஒருமுறை படித்துவிட்டு மூடி வைத்துவிட வேண்டும். அப்புறம் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் எழுதட்டும், உங்களுக்குச் சொல்வது போல. நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி அவளால் சொல்ல முடிந்தால் அது அவளுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு தமிழிலிருந்து தன் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் ஒரு குறையும் இல்லை. யார் சொன்ன கருத்து, எந்த வருஷம் என்பது ஒவ்வொரு இடத்திலும் வர வேண்டும். அடைப்புக்குறியில் பெயரைப் போட்டுவிட்டு வாக்கியத்தை அப்படியே எடுத்தால் அதுவும் காப்பிதான், பலருக்கு இது தெரிவதில்லை. அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். விசைத்தறித் தொழில் எப்படி நடக்கிறது என்ற அறிமுகப் பகுதியையும் அவள் பழைய ஆய்வேடு எதிலிருந்தாவது எடுத்திருந்தால், அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். பாவு நூல் யார் கொடுக்கிறார்கள், மீட்டருக்கு என்ன கூலி, நூல் விலை ஏறினால் யார் தலையில் விழுகிறது, தறிக்காரர் எந்த மாதத்தில் கடனுக்குப் போகிறார், ஆளுக்குக் கொடுத்த முன்பணம் எப்படித் திரும்பும், இதெல்லாம் அவள் பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு. அந்த அத்தியாயத்துக்கு உங்களையும் பக்கத்துத் தறிக்குடோன்காரர்களையும் முறைப்படி பேட்டி எடுத்து எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதிய பக்கத்தில் எந்த மென்பொருளாலும் நிறம் பூச முடியாது.

கைடிடம் இந்த வாரமே சொல்லிவிட வேண்டும். பயமாக இருந்தால் துணைக்குத் தோழியை அழைத்துப் போகட்டும். அறிக்கையையும், அவள் குறித்து வைத்த தாளையும், திருத்தி முடிக்க எத்தனை வாரம் வேண்டும் என்பதையும் கொண்டுபோகட்டும். திட்டு விழலாம், விழட்டும். சான்றுக் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர், சமர்ப்பித்த பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது அவருக்கும் நல்லது. ஆறு மாதம் தள்ளிப்போனால்கூட இது பெரிய நஷ்டமில்லை. காலக்கெடு நெருங்குகிறது என்றால் நீட்டிப்புக் கேட்க வழியுண்டு, அந்தக் கடிதமும் கைடு வழியாகத்தான் போக வேண்டும்.

மகன் விஷயம் வேறு. பி.இ. பிராஜெக்ட் அறிக்கை, அசைன்மென்ட், விடைத்தாள் எதுவும் நான் மேலே சொன்ன யுஜிசி சதவீதக் கணக்கில் வராது. அங்கே கல்லூரியும் அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகமும் வைத்திருக்கும் ஒழுங்கு விதிகள்தான். தேர்வறையில் பிட்டோ போனோ பிடிபட்டால் அந்தத் தாள் மட்டும் செல்லாமல் போவதிலிருந்து, அந்த செமஸ்டர் தாள்கள் அத்தனையும் செல்லாமல் போவது, படிப்பிலிருந்தே சில காலம் விலக்குவது வரை தண்டனை ஏறிக்கொண்டே போகும். வாங்கிய பிராஜெக்ட் என்று ரிவ்யூவில் தெரிந்தால் மறுபடி செய், அடுத்த செமஸ்டர் வா என்று சொல்லும் அதிகாரம் கல்லூரிக்கு இருக்கிறது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மாணவர்களுக்கு இப்படி எழுதி விற்பதே சட்டப்படி குற்றம். இங்கே அந்த மாதிரிச் சட்டம் இல்லாததால்தான் கோயமுத்தூர் காந்திபுரத்தில் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் தொங்குகிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் முதலில் கேட்பது பிராஜெக்ட் பற்றித்தான் என்பதை மகனிடம் சொல்லுங்கள். ஒரு சர்க்யூட்டோ ஒரு சின்ன புரோகிராமோ, அவனே செய்ததாக இருந்தால் போதும்.

கடைசியாக, அந்த 5 ஆயிரம். கேட்டுப் பாருங்கள், தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தராவிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். அதைவிட முக்கியம், மகளின் தீஸிஸ் கோப்பு அவர்கள் கைக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அனுப்பவே வேண்டாம். போயிருந்தால் அதைக் கைடிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில மென்பொருள்கள் உள்ளே வரும் கோப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளும். நாளைக்கு மகள் தன் ஏட்டைக் கொடுக்கும்போது தன் எழுத்தோடே நூறு சதவீதம் ஒத்துப்போகிறது என்று வந்தால், அந்தக் கோப்பு எப்படி அங்கே போனது என்பது கைடுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.