குழந்தைகள் இல்லாமல் ஹேவ்லாக்: 28 ஆயிரமா, 62 ஆயிரமா?

கேள்வி: குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஏப்ரல், மே சீசனில் மாதம் 35 ஆயிரம் வரை நிற்கும். ஆயுத பூஜையிலிருந்து புத்தாண்டு வரை 20 ஆயிரம். மற்ற மாதங்களில் 8 ஆயிரம் வந்தால் பெரிது. கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் 24 ஆயிரம் சம்பளம். வீட்டுச் செலவு 26 ஆயிரம், ஏலச் சீட்டு 2,500. வங்கியில் 40 ஆயிரம் இருக்கிறது. இந்த சீசன் சரக்குக்குக் கடைக்காரர்கள் 23 ஆயிரம் தர வேண்டும். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. தோழிகள் நான்கு பேர் பிள்ளைகளை விட்டுவிட்டு அந்தமான் போகலாம் என்கிறோம். ஏஜென்ட் ஐந்து நாளுக்கு, ஆளுக்கு 28 ஆயிரம் கேட்கிறார், ஈஎம்ஐயும் உண்டாம். ஈஎம்ஐ போடலாமா, 50 ஆயிரம் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா, மகளின் செல்வமகள் கணக்கில் கை வைக்கலாமா? 'பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர் சுற்றவா?' என்கிறார் மாமியார். கணவர் வருடா வருடம் நண்பர்களோடு சபரிமலை போய், தேக்கடியும் சுற்றிவிட்டுத்தான் வருகிறார். நான் கேட்பது சுயநலமா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். கணவரின் பயணச் செலவு உங்கள் வீட்டு நோட்டில் எந்தத் தலைப்பில் வருகிறதோ, அதே தலைப்பில் உங்களுடையதையும் எழுதுங்கள். பணம் பற்றி எழுதுகிற எனக்கு இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

அப்புறம் அந்த 28 ஆயிரம். ஏஜென்ட் சொல்லும் விலை போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமானத்தை விட்டு இறங்கிய பிறகு தொடங்குகிறது. உங்கள் செலவு குன்னூர் பஸ் ஸ்டாண்டிலேயே தொடங்கிவிடுகிறது. மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி, சென்னையில் விமான நிலையம் வரை போக ஒரு வண்டி, திரும்பி வர இதே வழி: 3,000 வையுங்கள். சென்னையிலிருந்து விமானம் போக வர 14,000. பேக்கேஜில் பெரும்பாலும் காலைச் சாப்பாடு மட்டும்தான்; மற்ற வேளைகளுக்கு 4,000. அந்தமானின் ஹேவ்லாக் தீவு வரை போய்விட்டு, ஸ்கூபா (மூச்சுக் கருவியோடு கடலுக்குள் இறங்குவது) செய்யாமல் வர மனசு வராது, அதற்கு 4,000. பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் வாங்கி வர 2,000. கைச்செலவுக்கும் அவசரத்துக்கும் என்று 4,000.

இன்னொன்று யாருமே எழுதாத செலவு. நீங்கள் இல்லாத நாட்களில் வீடு சும்மா ஓடாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் வந்தாலும் அவர்கள் பஸ் செலவு, பள்ளிக்கு ஆட்டோ, இரண்டு வேளை ஹோட்டல் பார்சல் என்று 3,000 ஆகும். மாமியாரே பார்த்துக்கொள்கிறார் என்றாலும் அந்தப் பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். பாதி முணுமுணுப்பு அதிலேயே அடங்கும்.

கூட்டினால் 62,000. இவை என் மதிப்பீடுகள். விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். ஆனால் தோழிகளிடம் பேசும்போது 62-ஐ வைத்துப் பேசுங்கள், 28-ஐ அல்ல. படகுக் கட்டணம் பேக்கேஜில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். கடல் மோசமானால் ஹேவ்லாக் படகுகள் நின்றுவிடும், அதனால் கடைசி ராத்திரித் தங்கல் போர்ட் பிளேரில் இருக்கட்டும். இல்லாவிட்டால் விமான டிக்கெட் போய்விடும். குழந்தைகளை அனுமதிக்காத விடுதி என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பள்ளி நடக்கும் பிப்ரவரியில் போனாலே பிள்ளைச் சத்தம் குறைவு. அது கடல் அமைதியாக இருக்கும் மாதம், உங்களுக்கும் ஆர்டர் இல்லாத மாதம்.

இனி பணம். செல்வமகளை மறந்துவிடுங்கள். மகளுக்கு 18 வயதாகும் வரை, அல்லது பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை அதில் எடுக்கவே முடியாது, அதுவும் படிப்புக்கு மட்டும். சீட்டை இப்போது 10 ஆயிரம் தள்ளி எடுத்தால் கைக்கு 40 ஆயிரம்தான் வரும். அது பள்ளிக் கட்டணத்துக்கு என்று போட்ட சீட்டாகத்தான் இருக்கும், அதற்கே இருக்கட்டும். (1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.) வங்கியில் உள்ள 40 ஆயிரம் இரண்டு மாத வீட்டுச் செலவுக்குக்கூடக் காணாது. தொடாதீர்கள்.

ஈஎம்ஐயில் வட்டி எனக்குப் பெரிய கவலை இல்லை. பேக்கேஜும் விமானமும் சேர்ந்த 42 ஆயிரத்துக்கு 16 சதவீதத்தில் ஒரு வருடக் கடன் என்றால் மாதம் 3,811, மொத்த வட்டி சுமார் 3,700. ஆனால் பிப்ரவரியில் போய் வந்து ஜூன், ஜூலை மழையில், கடைக்காரர் போனையே எடுக்காத நாளில், அந்த 3,811-ஐ எங்கிருந்து கட்டுவீர்கள்? அந்த மாதங்களில் உங்கள் கையில் மிஞ்சுவதே 3,500.

ஆகவே முதலில் அந்த 23 ஆயிரம் பாக்கியை வசூல் செய்யுங்கள். பயணத்துக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள், அது கடைக்காரர் கல்லாவில் தூங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 2,000. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் 9,000. பாக்கியோடு சேர்த்து மொத்தம் 58,000. வருமானம் ஏறி இறங்கும் உங்களுக்கு மாதம் ஒரே தொகை கட்டும் ஆர்.டி. சரிப்படாது, அஞ்சலக ஆர்.டி.க்கோ ஐந்து வருடம் வேண்டும். உங்கள் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும்.

குறையும் 4,000-க்கு ஸ்கூபாவை விடலாம், அல்லது ஏஜென்டிடம் பேரம் பேசலாம். நான்கு பேர், இரண்டு அறை, பேசலாம். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வியாபாரம் படுத்தால் பயணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், கடன் வாங்காதீர்கள். ராமேஸ்வரமும் தீவுதான், செலவும் குறைவுதான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதுமே மாமியார் பெட்டி கட்டிவிடுவார்!

செப்டம்பர் கடைசியில் கையில் 31,000 இருக்கும். அப்போது விமான டிக்கெட் போட்டு, ஏஜென்டுக்கு முன்பணம் மட்டும் கொடுங்கள். மீதி ஜனவரியில். டிக்கெட்டில் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். நம் ஊர் இனிஷியலை விமானக் கம்பெனிக்காரர்கள் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுக் குழப்புவார்கள், நால்வரும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.