மூன்று விஷ்ணுக்கள் – கடிதம்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சென்ற ஆண்டு ஆசிரியராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். இந்த ஜூனில் ஆறாம் வகுப்பு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. மொத்தம் 34 பிள்ளைகள். தமிழ், மலையாளம், பழங்குடிகளான பணியர் பேச்சு, காட்டுநாயக்கர் பேச்சு எல்லாம் வகுப்பில் கேட்கிறது.

முதல் நாள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் வட்டமாக நிற்கவைத்து ஒரு விளையாட்டு நடத்தினேன். பந்தைப் பிடிப்பவர் தன் பெயரையும் தனக்குப் பிடித்த பழத்தையும் சொல்ல வேண்டும். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பணியர் குடியிருப்பிலிருந்து வரும் இரண்டு சிறுமிகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். வாய் திறக்கவே இல்லை. அடுத்த நாள் ஒருத்தி வரவில்லை. தலைமை ஆசிரியரோ, "முதல் நாள் புத்தகம் கொடுத்து, எமிஸ் என்ற அரசு இணையப் பதிவில் ஏற்றி முடிக்கவே நேரம் போதாது, இதெல்லாம் தேவையா?" என்கிறார். ஆனாலும் ஒரே வாரத்தில் 34 பெயர்களையும் மனப்பாடம் செய்துவிட்டேன். விஷ்ணு என்று மூன்று பேர் இருக்கிறார்கள். எஸ்டேட் விஷ்ணு, கருப்பு விஷ்ணு, குட்டி விஷ்ணு என்று வைத்துக்கொண்டேன்.

முதல் நாளைப் பெயர் விளையாட்டுக்குக் கொடுப்பது சரியா, நேரே பாடத்துக்குப் போய்விடுவது நல்லதா? இதைப் பற்றித் தமிழில் என்ன படிக்கலாம்? எங்கள் ஆண்டு விழாவுக்கு நீங்கள் வர முடியுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

ஆண்டு விழாவுக்கு வரமாட்டேன். சால்வை போர்த்திக்கொண்டு மேடையில் உட்காரும் பொறுமை எனக்கு இல்லை. புத்தகப் பட்டியலும் தரப்போவதில்லை. 34 பிள்ளைகளை எதிரில் வைத்துக்கொண்டு புத்தகத்தில் எதைத் தேடுகிறீர்கள்? உங்கள் தலைமை ஆசிரியர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஜூன் மாதம் ஒரு பள்ளியை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பிறகு ஏன் பதில் எழுதுகிறேன் என்றால், சில வாரங்களாக என் மனமும் இதையேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் தகரப் பெட்டியை ஒழித்தபோது, இலங்கையிலிருந்து வந்த சமயத்தில் எங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை கிடைத்தது. அப்பா, அம்மா, அண்ணன், நான். ஒவ்வொருவர் பெயரும் வயதும் மையில் எழுதியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில்தான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்த மூன்று விஷ்ணுக்களைப் பார்த்துவிடுவோம். 'கருப்பு விஷ்ணு' என்று எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? ஆசிரியர் வாயிலிருந்து வந்த பெயரைப் பிள்ளைகள் இடைவேளைக்குள் எடுத்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் விஷ்ணு உதிர்ந்துபோய்க் 'கருப்பு' மட்டும் மிஞ்சும். அவன் மீசை நரைத்துக் கூடலூர் பஸ் நிலையத்தில் நிற்கும்போதும் யாராவது ஒருவன் எதிர்ப்பக்கத்திலிருந்து அப்படித்தான் கூப்பிடுவான். 'எஸ்டேட் விஷ்ணு' மட்டும் மேலா? இந்த மலையில் ஒருவரை 'எஸ்டேட்' என்று சுட்டினால், அவர் எந்த மாதிரி வீட்டில் குடியிருக்கிறார், அவருடைய தாத்தா எங்கிருந்து வந்தார், என்ன சாதி என்பதெல்லாம் கேட்பவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். விழுப்புரத்திலிருந்து வந்த உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் கூடாது, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சொல்லி அழைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. மறைமுகத்துக்கு உதாரணம் கேட்டால் உங்கள் எஸ்டேட் விஷ்ணுவைக் காட்டலாம். முதலெழுத்து எதற்கு இருக்கிறது? அதையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021இலேயே ஆணை வந்துவிட்டது. கா. விஷ்ணு, சு. விஷ்ணு என்று கூப்பிட்டால் வாய் வலிக்குமா? அதுவும் ஒத்துவராவிட்டால் மூன்று பையன்களையும் உட்காரவைத்து, யாரை எப்படிக் கூப்பிடட்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

அடுத்தது, ஒரே வாரத்தில் 34 பெயர்களையும் மனப்பாடம் செய்தது. பாராட்டை எதிர்பார்த்து எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. பாராட்டுகிறேன். ஆனால் பெயர்களை மனப்பாடமாக வைத்திருந்த இன்னொருவரைப் பற்றி அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. விடிவதற்கு முன்னால், பனியில் ஆள் முகம் தெரியாத நேரத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில், செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் புரட்டாமலே அத்தனை பேர் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவாராம். யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் கடனில் இருக்கிறார்கள், யாருக்கு இது எத்தனையாவது மாதம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கொழுந்து எடை குறைந்தால் அதே வாயால் அரைப்பேர் என்று சொல்லிப் பாதிக் கூலியை வெட்டிவிடுவார். ஒருவர் பெயரையும் அவர் மறந்ததில்லை. அவர் வருகிற பாதையில் ஒருவரும் எதிரே போனதும் இல்லை.

ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தால் போதும், வகுப்பு ஒரு குடும்பமாகிவிடும் என்று பயிற்சிகளில் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் ஒருபோதும் நம்பிக்கை வந்ததில்லை. 34 பெயர்களும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், அதற்குத்தான் சம்பளம். நான் கேட்பது வேறு. உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பையனுக்கு எத்தனை பேரின் பெயர் தெரியும்? ஒருவர் வாயிலும் வராத பெயர் ஏதாவது அந்த அறைக்குள் இருக்கிறதா? இதைப் பார்த்தீர்களா?

உங்கள் பந்து விளையாட்டு அதற்கு உதவாது. 1973இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வட்டமாக உட்கார்ந்தவர்கள் முறை வைத்து ஆளுக்கொரு சொல்லை உரக்கப் படித்தார்கள். பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது, தங்கள் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் படித்த சொற்களே அவர்களுக்கு அதிகம் மறந்துபோயிருந்தன. தன் முறை நெருங்க நெருங்கக் காது அடைத்துக்கொள்கிறது. உங்கள் வட்டத்திலோ பந்து எப்போது யாரிடம் வரும் என்றே தெரியாது. 34 பேரும் தங்கள் பெயரைச் சொல்லும் பயத்தில் நின்றிருப்பார்கள். யார் பெயர் யார் காதில் விழுந்திருக்கும்? (பழம் எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.)

தன் பெயரைத் தானே எழுந்து நின்று உரக்கச் சொல்வது எல்லா மனிதருக்கும் இயல்பு என்று யார் உங்களுக்குச் சொன்னது? 1901–02இல் இதே நீலகிரியில் தோடர் என்ற பழங்குடிகளிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் ரிவர்ஸ், அவர்கள் தம் பெயரைத் தாமே சொல்லத் தயங்குவதையும், கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வதையும் குறித்து வைத்திருக்கிறார். தோடர்கள் வேறு, பணியர்கள் வேறு. ஒன்றோடு ஒன்றைக் குழப்ப மாட்டேன். ஆனால் அந்த வழக்கத்தில் உள்ள நாகரிகம் எனக்குப் பிடித்திருக்கிறது. என் பெயரை நான் அறிவித்துக்கொள்ள வேண்டியதில்லை. அதைச் சொல்ல என் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார்.

இனி என் கதை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களான எங்களை எண்ணிக்கையாகத்தான் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகப் பந்தலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை 1968இல் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. 1976இல் அதுவே டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனமானது.

என்னைப் பள்ளியில் சேர்த்தது ஒரு ஜூனில். மழையென்றால் அப்படி ஒரு மழை. வகுப்புக்கு வெளியே குடைகள் தண்ணீரை வடித்துக்கொண்டு கிடந்தன. உள்ளே தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஆசிரியர் என்னிடம் பெயர் கேட்கவில்லை. "சிலோன், எழுந்திரு" என்றார். எங்களில் நான்கைந்து பேர் ஒன்றாக எழுந்து நின்றோம். வகுப்பு சிரித்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பணியர் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளையும் ஆசிரியர் அவள் இனத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் உட்கார்ந்தபோது அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் ஓர் அட்டை, குடித்துக் குடித்துத் திராட்சைப் பழம் போல ஊதியிருந்தது. அவள் பாவாடை முடிச்சை அவிழ்த்து, ஈரத்தில் கட்டிபட்டுப்போன உப்பை விரலால் கிள்ளி எடுத்து அதன்மேல் வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. இரத்தம் நிற்காமல் வந்தது. கிழிந்த தாள் ஒன்றை எச்சிலால் ஒட்டிவிட்டு, தலை நிமிராமல் என் பெயரைக் கேட்டாள்.

மறுநாள் ஆசிரியர் என்னைப் பார்த்து மறுபடியும் "சிலோன்" என்றார். வாயே திறக்காதவள் என்று பெயரெடுத்த அந்தப் பெண் உட்கார்ந்தபடியே என் பெயரைச் சொன்னாள். உரக்கச் சொன்னாள். குறுக்கே பேசியதற்காகத் தலையில் ஒரு குட்டு வாங்கினாள். அன்றிலிருந்து ஆசிரியர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார் என்று எழுத ஆசைதான். அவர் கடைசிவரை அழைக்கவில்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் எங்கள் வரிசைக்கே என் பெயர் தெரிந்துவிட்டது, அவள் பெயரும்தான். அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன், அவளைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை. அந்த ஆண்டு காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வீட்டாரோடு வேலைக்குப் போனவள் பள்ளிக்குத் திரும்பவில்லை.

ஆகவே உங்கள் இரண்டு சிறுமிகளுக்கும் வாய் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தண்ணீர்க் குழாய் அருகில் நின்று கேளுங்கள். வீட்டில் ஒரு பெயரும் பதிவேட்டில் ஒரு பெயருமாக இருக்கலாம். பழங்குடிப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது 'நல்ல பெயராக' மாற்றி எழுதிவிட்ட ஆசிரியர்களை எனக்குத் தெரியும். எந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கிறாளோ, அந்தப் பெயரைக் கூப்பிட அவளிடம் அனுமதி கேளுங்கள்.

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன் பாருங்கள். விளையாட்டா, பாடமா? இரண்டும் வேண்டாம். எப்படியும் புத்தகம் கொடுக்கத்தானே வேண்டும்? கட்டைப் பிரித்து நீங்களே கொடுக்காதீர்கள். இரண்டு இரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து, அந்தப் பெயரைச் சொல்லி அவருக்கான புத்தகங்களை வாங்கிக்கொண்டு போகட்டும். மறுநாள் நோட்டு கொடுக்கும்போது ஆளை மாற்றுங்கள். சீருடைக்கு இன்னொருவர். ஒருவரும் தன் பெயரைத் தானே அறிவிக்க வேண்டியதில்லை. தலைமை ஆசிரியருக்கும் புத்தகம் கொடுத்த கணக்கு சரியாக இருக்கும்.

இந்த ஜூன் போய்விட்டதே என்பீர்கள். ஜூலையில் தேவாலாவிலும் பந்தலூரிலும் மழை வலுத்து ஆட்சியர் விடுமுறை விடாமலா இருக்கப்போகிறார்? விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒரு முதல் நாள்தான்.

கடைசியாக ஒன்று. "அடுத்த நாள் ஒருத்தி வரவில்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் தலைமை ஆசிரியரிடம் தாவிவிட்டீர்கள். பிறகு வந்தாளா? அவள் வீட்டுக்குப் போனீர்களா? போகவில்லை என்றால் இந்தச் சனிக்கிழமை போங்கள். தனியாகப் போகாதீர்கள், இன்னொரு சிறுமியையும் அழைத்துக்கொண்டு போங்கள். வாசலில் நின்று நீங்கள் கூப்பிட வேண்டாம், அவள் கூப்பிடட்டும். யானை நடமாடும் பாதையாக இருந்தால் இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால், "இன்றைக்கு யார் வரவில்லை?" என்று வகுப்பைக் கேளுங்கள். பெயரைச் சொல்கிறார்களா, 'அந்தக் காலனிப் பெண்' என்கிறார்களா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும். விஷ்ணுக்கள் மூவரும் என்ன முடிவு செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.